கீழ்வீட்டுக்குக் கேக்காம ஒரு எக்சர்சைஸ்

லெட்டர்பாக்ஸ்ல ஒரு பேப்பர் கிடந்துச்சு. போன் கேமராவ வெச்சு ட்ரான்ஸ்லேட் பண்ணிப் பாத்தா, காலையில காலடி சத்தமும் குதிக்கிற சத்தமும் கேக்குதுன்னு தகவல் வந்திருக்கு, எல்லாரும் கொஞ்சம் கவனமா இருங்கன்னு பில்டிங் நிர்வாகத்துல இருந்து ரொம்ப பவ்யமா எழுதியிருக்காங்க. எல்லா வீட்டு பாக்ஸ்லயும் அதே பேப்பர். பேரு இல்ல, வீட்டு நம்பர் இல்ல. ஆனா காலங்காத்தால யூடியூப் பாத்து ஜம்பிங் ஜாக்ஸ் போடுறது யாருன்னு எனக்குத் தெரியாதா என்ன!

இதுவே கும்பகோணமா இருந்தா கீழ்வீட்டு அத்தை மாடிப்படியில நின்னு "ஏண்டி, மேல மாவா இடிக்கிற?"ன்னு ஒரு சத்தம் போட்டிருப்பாங்க, நாமளும் பதிலுக்கு ஒண்ணு சொல்லியிருப்போம், சாயங்காலம் ஒரு கிண்ணம் வத்தக்குழம்பு மேல ஏறி வந்திருக்கும், அத்தோட முடிஞ்சு போச்சு. இங்க டோக்கியோல, நிஷி கசாய்ல கீழ்வீட்டம்மாவ லிஃப்ட்ல பாக்குறேன், அவங்க சிரிச்சுக்கிட்டே தலை குனியுறாங்க, நானும் குனியுறேன், புகார் குடுத்தது இவங்களா வேற யாராவதான்னு கடைசி வரைக்கும் தெரியாது. திட்டியிருந்தா கூட நிம்மதியா தூங்கியிருப்பேன்.

சரி, குதிக்காம என்ன பண்ணலாம்னு தேட ஆரம்பிச்சேன். எப்பவும் ஒரு காலாவது தரையில இருந்தா சத்தமும் வராது, முட்டிக்கும் அடி கம்மி. நாப்பது தாண்டின முட்டிக்கு இது தேவைதான். ஆனா நேரம்? பையன ஸ்கூலுக்கு அனுப்பணும், டப்பா கட்டணும், கூட்டத்துக்கே பேர் போன தோசாய் லைன் ட்ரெயின்ல ஏறி ஆபீஸ் போகணும். அதனால குக்கர் மூணு விசில் விடுறதுக்குள்ள டைனிங் சேர்ல உக்காந்து உக்காந்து எந்திரிக்கிறது, பல் தேய்க்கும்போது குதிகால தூக்கி இறக்குறது, தோசை வேகுற நேரத்துல சமையல்கட்டு சுவத்துல கைய ஊனி புஷ்அப். ட்ரெயின்லயும் குதிகால தூக்கிப் பாக்கலாம்னு நினைச்சேன், அந்தக் கூட்டத்துல தூக்கின கால எங்க வைக்கிறதுன்னு விட்டுட்டேன்.

அப்பத்தான் டிவி கண்ணுல பட்டுச்சு. ஜப்பானோட என்எச்கே ஈ-டெலி சேனல்ல தினம் காலை 6:25-ல இருந்து பத்து நிமிஷம் எக்சர்சைஸ். 1928-ல ரேடியோல ஆரம்பிச்ச சமாச்சாரம் இது, போருக்கப்புறம் கொஞ்ச நாள் நின்னு போய், இப்ப இருக்குற பாட்டும் அசைவும் 1951-ல வந்தது. முதல் செட்ல மொத்தம் 13 அசைவு, மூணு நிமிஷம் சொச்சம்தான் ஆகும், பியானோ வாசிக்க வாசிக்க கைய வீசு, இடுப்ப வளை, சுத்து. பதினோராவதுதான் குதிக்கிறது. ஆனா ஒருத்தங்க மட்டும் சேர்ல உக்காந்துக்கிட்டே எல்லாத்தையும் செஞ்சு காட்டுவாங்க, குதிக்கிற இடத்துலயும் உக்காந்தபடியே. என் குருநாதர் அவங்கதான்! சாம்பார் கொதிக்கும், நான் பியானோவுக்கு கைய வீசிக்கிட்டிருப்பேன், வீட்டுக்காரர் காபி டம்ளரோட ஓரமா நகந்து போவார்.

கோடை லீவு விட்டா பசங்க கழுத்துல ஒரு அட்டைய மாட்டிக்கிட்டு காலையில ஆறரைக்கு பார்க்குக்கு ஓடுறாங்க, தாத்தா பாட்டிங்களோட நின்னு இதே எக்சர்சைஸ் பண்ணினா அட்டையில ஒரு முத்திரை. என் பையனும் போறான். நானும் கூட நிப்பேன், அங்க மண் தரை, பதினோராவது வந்தா நல்லா ஆசை தீர குதிப்பேன்.

இப்ப நான் இந்த ஊருக்கு செட் ஆயிட்டேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றேன். ஆனா டிவில ஜப்பானிய மொழில இச்சி, நி, சான், சின்னு ஒண்ணு ரெண்டு எண்ணும்போது என் வாயில வர்றது எங்க பிடி சாரோட "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" தான். குடியரசு தினத்துக்கு மாஸ் டிரில், வெள்ளை கேன்வாஸ் ஷூவுக்கு சாக்பீஸ தண்ணில கொழைச்சு பூசுவோம், காஞ்சதும் ஒவ்வொரு அடிக்கும் வெள்ளைப் பொடி பறக்கும், பின்னாடி நிக்கிறவ தும்முவா, சார் விசில நிறுத்திட்டு முறைப்பார். டிரில் முடிஞ்சா ஒரு ஆரஞ்சு மிட்டாய்.

ஒரு சனிக்கிழமை அம்மாகிட்ட வீடியோ கால்ல இத காட்டினேன். நமக்கும் அவங்களுக்கும் மூன்றரை மணி நேரம் வித்தியாசம், அதனால ரெக்கார்ட் பண்ணி வெச்சத ஓட்டினேன். அம்மா பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து சேலைய செருகிக்கிட்டு நாலு அசைவு பண்ணினாங்க, அஞ்சாவதுல நிறுத்திட்டாங்க. "ஏண்டி, இவ்வளவு தூரம் போய் எனக்கு பிடி கிளாஸா எடுக்குற?"ன்னு கேட்டாங்க. போன வாரம் போன் பண்ணினா, அந்த கீழ்வீட்டு அத்தைக்கு அம்மா கிளாஸ் எடுத்துக்கிட்டிருக்காங்க, அதுவும் தப்புத் தப்பா.