தாத்தா தாம்பரத்தில் படிக்கவில்லை

அத்தை வீட்டுப் பரணில் தாத்தாவின் காலேஜ் குரூப் போட்டோ கிடைத்தது. அட்டையின் மேலே 1934 என்று தெளிவாக இருந்தது. பெயர்கள் இருந்த கீழ்ப்பகுதியைச் செல்லரித்துவிட்டது. மூன்று வரிசைப் பையன்களில் தாத்தா யார் என்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

தாத்தா படித்தது மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் என்றதும் லீவு போட்டுவிட்டுத் தாம்பரத்துக்குப் போய்விட்டேன். போட்டோவில் தெரியும் வளைவையும் படிக்கட்டையும் தேடி, மதியம் வரை ஒவ்வொரு கட்டடமாக நின்று பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. எப்படிப் பொருந்தும்? காலேஜ் தாம்பரத்துக்கு வந்ததே 1937-இல். 1837-இல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் அதை ஒரு பள்ளியாகத் தொடங்கியதும், பின்னால் வந்த மிஷனரி வில்லியம் மில்லர் கல்லூரியாக வளர்த்ததும் சென்னை ஜார்ஜ் டவுனில். தாத்தா படித்ததும் அங்கேதான். பழைய போட்டோவோடு கிளம்புகிறவர்கள் முதலில் வருஷத்தைப் பாருங்கள்.

காலேஜின் பழைய இதழ்த் தொகுதிகள் ஒரு நூலகத்தில் இருப்பதாக நண்பர் சொன்னார். அங்கேதான் உண்மையான அலைச்சல். "எந்த காலேஜ்லேர்ந்து வர்றீங்க? லெட்டர் இருக்கா?" என்றார் மேசையில் இருந்தவர். தாத்தா போட்டோவுக்காக வந்திருக்கிறேன் என்றதும் பதிவேட்டை மூடிவிட்டார். ஆதார் நகலை அவர் தொடக்கூட இல்லை. தெரிந்த பேராசிரியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு மறுபடி போனால், பீரோ சாவி வைத்திருப்பவர் லீவு! போவதற்கு முன் போன் செய்து மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: கடிதம் வேண்டுமா, சாவிக்காரர் இருக்கிறாரா, படம் எடுக்க விடுவார்களா.

மூன்றாம் தடவை கிடைத்தது. வழவழப்பான தாளில் அதே போட்டோ, கீழே வரிசை வரிசையாகப் பெயர்கள். விரலை வைத்து இடமிருந்து எண்ணினேன். இரண்டாம் வரிசையில் நான்காவது. ஊர் இனிஷியலோடு தாத்தா பெயர். இத்தனை நாளும் நாங்கள் தாத்தா என்று காட்டிக்கொண்டிருந்தது ஓரத்தில் உட்கார்ந்திருந்த வேறொருவரை.

அனுமதி கேட்டு, ஃபிளாஷ் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தேன். தாள் பளபளத்தால் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். பெயர்களைத் தனித்தாளில் எழுதி போட்டோவோடு வைத்துவிட்டேன்.

அத்தைக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "அந்தக் காதைப் பாருடா, அப்பாவேதான்" என்றார். அப்புறம் அவரால் பேச முடியவில்லை.