சொல்லாமல் விட்ட மாத்திரை

போன ஆவணியில் வலது கண்ணில் புரை எடுத்துக்கொண்டேன். காலை ஏழரைக்குப் போனவன் மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிட்டேன். 1978இல் இதே மதுரையில் அப்பாவுக்கு எடுத்தபோது, தலையை அசைக்கக் கூடாதென்று நாள்கணக்கில் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். உள்ளே லென்ஸ் வைக்கும் வழக்கம் அப்போது இங்கே பரவவில்லை; கடைசிவரை சோடாபுட்டிக் கண்ணாடிதான். அந்த பயத்தில் நானும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். ‘புரை நல்லா முத்தட்டும்’ என்று சொந்தத்தில் நாலு பேர் சொன்னது வசதியாகப் போயிற்று. முத்தினால் இறுகிப்போய் எடுப்பதுதான் கஷ்டம் என்றார் டாக்டர்.

சர்க்கரை, பிரஷர், ஈசிஜி எல்லாம் பார்த்தார்கள். லென்ஸ் பவர் கணக்கிடக் கண்ணை அளந்தார்கள். ஒன்றுதான் புதுசாக இருந்தது. கண்ணோரத்துத் துளையில் மெல்லிய குழலால் தண்ணீரை விட்டு, “தொண்டையில உப்புக் கரிக்குதாய்யா?” என்று கேட்டார்கள். கரித்தால் கண்ணீர்ப் பாதையில் அடைப்பில்லை. அடைப்பிருந்தால் அங்கே தேங்கும் கிருமி, ஆபரேஷன் செய்த கண்ணுக்குள் போய்விடுமாம்.

படிவத்தை மருமகள்தான் எழுதினாள். “வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க மாமா?” சர்க்கரைக்கு, பிரஷருக்கு என்றேன். ராத்திரி நாலு தடவை எழுந்து ஒன்றுக்குப் போகிறவன் நான். ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் போட்டுக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. கண்ணுக்கும் மூத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மனசுக்குச் சமாதானம் வேறு.

சம்பந்தம் இருந்தது. முதல் நாள் மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். நர்ஸம்மா ஒவ்வொன்றாகப் புரட்டியவர், அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டார். அந்த மருந்து மூத்திரப் பாதைத் தசையைத் தளர்த்துவதுபோல, கண்ணின் பாப்பாவை விரிக்கும் தசையையும் தளர்த்திவிடுமாம். ஆபரேஷன் நடுவில் பாப்பா சுருங்கிக்கொள்ளும். சுற்றியுள்ள திரை காற்றில் துணி மாதிரி ஆடும். “அப்ப நிறுத்திரட்டுமா சார்?” என்றேன். “நிறுத்தினாலும் அந்தக் குணம் முழுசாப் போகாது. எனக்குத் தெரிஞ்சா போதும், தயாரா இருப்பேன்” என்றார். மருமகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். வீடு போய்ச் சேரும்வரை நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சொட்டு மருந்திலேயே மரத்துப்போனது. இருமல் வந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள், தலையை ஆட்டாதீர்கள் என்றார்கள். வெளிச்சத்துக்குள் ரோஸும் ஊதாவுமாக ஏதோ கலங்கியது. கால் மணி நேரம் இருக்கும். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டு, தையல் கிடையாது.

பாடுபட்டது அதற்கப்புறம்தான். முதல் வாரம் தினம் ஆறு தடவை சொட்டு மருந்து, அடுத்த வாரம் ஐந்து, பிறகு நான்கு என்று ஆறு வாரம். கீழ் இமையை இழுத்து, பாட்டில் நுனி படாமல் ஒரு சொட்டு. இரண்டாவது மருந்துக்கு முன் ஐந்து நிமிஷம் இடைவெளி. வீட்டுக்காரி தினசரிக் காலண்டர் தாளில் கோடு போட்டு வைத்தாள், தப்பவிட்டால் தொலைந்தேன். குளியல் கழுத்துக்குக் கீழேதான். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் போனதுதான் பெரிய இழப்பு. தூக்கத்தில் கசக்கிவிடாமல் இருக்க பிளாஸ்டிக் மூடி ஒட்டிக்கொண்டு படுக்க வேண்டும். மூன்றாம் நாள் மணல் விழுந்ததுபோல் உறுத்தவும் பயந்துபோய் போன் செய்தேன். உறுத்தல் இருக்கும், வலி கூடினாலோ, சிவப்பு ஏறினாலோ, பார்வை மங்கினாலோ உடனே வந்துவிட வேண்டும் என்றார்கள். நல்லவேளை, எதுவும் இல்லை.

பேப்பர் படிக்க இப்போதும் கண்ணாடி வேண்டும். தூரத்துக்கு வேண்டாம். இடது கண்ணால் மட்டும் பார்த்தால் என் வெள்ளை வேட்டி டீயில் நனைத்ததுபோல் தெரிகிறது. அதற்குக் கார்த்திகையில் நாள் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தடவை படிவத்தை நானே வாங்கி எழுதினேன். முதல் வரியில் டாம்சுலோசின்.