எழுபத்தைந்தாம் இடத்தில் ஒரு வாரம்

1970களின் பிற்பகுதியில் லண்டனில் கெவின் ஹேபோர்ன் தொடங்கிய ஏஞ்சல் விட்ச் என்ற ஹெவி மெட்டல் (அதிரடியான மின்கிதார் ராக் இசை) குழுவின் முதல் இசைத்தட்டை நான் இன்றும் அடிக்கடி கேட்கிறேன். 1980ஆம் ஆண்டு இ.எம்.ஐ. இசை நிறுவனம் வெளியிட்ட, பல குழுக்களின் பாடல்கள் அடங்கிய தொகுப்பு ஒன்றில், அயர்ன் மெய்டன் என்ற புகழ்பெற்ற மெட்டல் குழுவோடு இவர்களும் இடம்பெற்றார்கள். ஆனால் அதே ஆண்டில் வந்த 'ஸ்வீட் டேஞ்சர்' என்ற தனிப்பாடல், அப்போது 75 இடங்களே கொண்டிருந்த பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் கடைசி இடத்தில் ஒரே ஒரு வாரம் நின்றுவிட்டு மறைந்தது. பட்டியலுக்குள் நுழைந்தும் இதைவிடக் குறைவாகச் சாதிக்க வழியே இல்லை!

பிறகு 'ப்ரான்ஸ்' (Bronze) என்ற இசை நிறுவனத்தில் வெளிவந்த முதல் இசைத்தட்டில் கிதாரின் வேகமும், இருண்ட கற்பனையும், அவற்றுக்குப் பொருந்தாததுபோல் ஒலிக்கும் ஹேபோர்னின் ஏக்கம் நிறைந்த குரலும் ஒன்றுசேர்ந்து, பெரிய குழுக்களிடம்கூட நான் காணாத ஒரு சோகத்தை உண்டாக்குகின்றன. குறிப்பாக, குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடலின் பல்லவி எளிதில் மறக்கக்கூடியதன்று.

அதன் பின் குழு நிலைக்கவில்லை. பேஸ் கிதார் வாசித்த கெவின் ரிடில்ஸ் விலகி டைட்டன் என்ற குழுவில் சேர்ந்தார். ஹேபோர்ன் பெரும்பாலும் வேறு கலைஞர்களுடன் 1985இல் இரண்டாம் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.