வெயிலில் நிற்கும் காருக்கு ரிமோட் ஸ்டார்ட்: பொருத்தியதும் பழகியதும்

யாழ்ப்பாண நகரில் காருக்கு நிழல் கிடைப்பது அரிது. போதனா வைத்தியசாலையைச் சுற்றியுள்ள வீதிகளில் நிறுத்த ஓர் இடம் அகப்பட்டாலே போதும் என்றிருக்கும்போது, மரத்தடி தேடிச் சுற்றிக்கொண்டிருக்க எவராலும் முடியாது. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் வரும் நாள்களிலும், ஓகஸ்ட் இறுதியில் அது மீண்டும் உச்சியைக் கடக்கும் நாள்களிலும், வெட்டவெளியில் நிற்கும் காரின் உட்புறம் வெளியிலுள்ள வெப்பத்தை விடப் பல பாகை கூடிவிடுகிறது. அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே நிகழ்ந்துவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி விடுவதால் பெரிய மாற்றம் ஏதும் வராது. எண்பதைக் கடந்த, இருதய நோய்க்கு மருந்து எடுக்கின்ற என் அம்மாவைக் கிளினிக் முடிந்து பகல் வேளையில் அழைத்து வரும்போது, அவர் அந்தக் கொதிக்கும் இருக்கையில் அமர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. காரின் எஞ்சினையும் ஏசியையும் தூரத்திலிருந்தே இயக்க உதவும் ரிமோட் ஸ்டார்ட் பற்றி நான் விசாரிக்கத் தொடங்கியது அதனால்தான்.

இந்த வசதியை எனக்கு முதலில் சொன்னவர் கனடாவில் வசிக்கும் மைத்துனர். அங்கே பனிக்காலத்தில் வீட்டுக்குள் நின்றபடி பொத்தானை அழுத்திக் காரைச் சூடாக்கிவிட்டுப் புறப்படுவார்கள். குளிருக்கென்று வளர்ந்த ஏற்பாடு வெயிலுக்கும் அப்படியே பொருந்தும். ஹீற்றர் இருக்கும் இடத்தில் இங்கே ஏசி, அவ்வளவுதான். ஆனால் அங்கு பல கார்கள் தொழிற்சாலையிலிருந்தே இந்த வசதியுடன் வெளிவருகின்றன. என்னுடையது சாவியைத் திருப்பி இயக்கும், ஓட்டோமெற்றிக் கியர் கொண்ட பழைய டொயோட்டா விட்ஸ். அதற்கு வெளியிலிருந்து ஒரு கிட் வாங்கித்தான் பொருத்த வேண்டியிருந்தது. ஸ்ரான்லி வீதியில் உதிரிப்பாகம் விற்கும் ஒருவர் மூலம் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து அதை வரவழைத்தேன். வாங்குவது இலகு. பொருத்துவதற்கு ஆளைத் தெரிவுசெய்வதில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது என்பதை இதைப் படிப்பவர்கள் முதலிலேயே மனதில் கொள்ள வேண்டும்.

அதற்கான காரணம் இம்மொபிலைசர் எனும் திருட்டுத் தடுப்பு அமைப்பு. பல ஜப்பான் கார்களில் சாவியின் தலைப்பகுதிக்குள் மிகச் சிறிய ஒரு சிப் இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள வளையம் அந்தச் சிப்பின் அடையாளத்தை வாசித்து எஞ்சினின் கணினிக்கு அனுப்புகிறது. அடையாளம் பொருந்தாவிட்டால் எஞ்சின் இயங்காது. ரிமோட் மூலம் இயக்கும்போது சாவி எங்கள் சட்டைப்பையில் இருக்கும் என்பதால், அந்த வாசிப்பை வேறொரு வழியில் நிறைவேற்ற வேண்டும். சரியான முறை, அதற்கென்றே தயாரிக்கப்பட்ட பைபாஸ் மொடியூல் ஒன்றைப் பூட்டுவது. ரிமோட் கட்டளை வரும் வேளையில் மட்டும் அது சாவியின் அடையாளத்தைக் காட்டும், மற்ற நேரங்களில் காரின் பாதுகாப்பு முன்போலவே இருக்கும். நான் முதலில் சென்ற கராஜில் மேலதிகச் சாவியின் சிப்பைக் கழற்றி, வளையத்தோடு சேர்த்து ரேப் சுற்றி நிரந்தரமாக ஒட்டிவிடலாம் என்றார்கள். செலவு குறைவுதான், ஆனால் அதன்பிறகு சாவித் துவாரத்தை எதைக் கொண்டேனும் திருப்பத் தெரிந்த எவரும் காரைக் கொண்டுபோகலாம். நான் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பின்னர் கொக்குவிலில் கார்களுக்கு வயரிங் வேலை மட்டுமே செய்யும் ஒரு இளைஞரிடம் போனேன். அவர் கிட்டைப் பிரித்துப் பார்த்ததும் முதலில் கேட்டது, “சேர், கார் ஓட்டோவோ மனுவலோ?” என்பதைத்தான். மனுவல் என்றால் தான் தொட மாட்டேன் என்றார். எங்கள் ஊரில் மனுவல் காரை முதலாம் கியரில் போட்டுவிட்டு இறங்குகின்ற பழக்கம் பலருக்கு உண்டு. அந்த நிலையில் தூரத்திலிருந்து ஸ்டார்ட் கொடுத்தால் கார் முன்னுக்குப் பாயும். எதிரே மதிலும் இருக்கலாம், பிள்ளையும் இருக்கலாம். மனுவல் கார்களுக்கான கிட்டுகளில் இதற்கென ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஹான்ட் பிறேக்கைப் போட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிக் கதவைச் சாத்த வேண்டும், எஞ்சின் அதன்பின் தானாக நிற்கும். இடையில் கதவு ஒருமுறை திறக்கப்பட்டால்கூட, அடுத்த ரிமோட் கட்டளையைக் கருவி ஏற்காது. “அந்த ஒழுங்கை எத்தினை பேர் ஒவ்வொரு நாளும் செய்வினம்?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. தான் செய்யக் கூடாத வேலையைச் செய்ய மறுத்தவரிடம் என் காரை நம்பிக் கொடுத்தேன்.

வேலை நடந்தபோது நானும் அருகில் இருந்தேன். டாஷ்போர்டின் கீழ்ப்பகுதி கழற்றப்பட்டு, வயர்க்கட்டு வெளியே தொங்கியது. ஒவ்வொரு வயரையும் மீற்றரால் சோதித்து, இன்னதென்று உறுதிப்படுத்திய பின்னரே அவர் அதைத் தொட்டார். இணைத்த இடங்களை முறுக்கி ரேப் சுற்றாமல், ஈயம் வைத்துப் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூடினார். இது அழகுக்காகச் செய்யப்படுவதல்ல. எங்கள் உப்புக்காற்றில் முறுக்கிய செப்பு விரைவில் பச்சை பிடிக்கும். அதன்வழி பெரிய மின்னோட்டம் போகும்போது இணைப்புச் சூடேறி, வயர் எரியவும் இடமுண்டு.

இயக்குவதற்கான வயர்கள் சிலதான். அதிக நேரம் எடுத்தது இயக்காமல் தடுப்பதற்கான வயர்களுக்கு. பிறேக் மிதியிலிருந்து ஒன்று, ஹான்ட் பிறேக்கிலிருந்து ஒன்று, பொனற்றின் கீழ் பூட்டிய சிறு பொத்தானிலிருந்து ஒன்று, கதவுகளிலிருந்து ஒன்று, எஞ்சின் சுழலும் வேகத்தை அறிவதற்கு ஒன்று. இந்தக் கடைசி வயர் இல்லாவிட்டால், எஞ்சின் பற்றிக்கொண்டதா என்பது கருவிக்குத் தெரியாது. பற்றிய பின்னும் ஸ்டார்ட்டர் மோட்டாரை அது சுழற்றிக்கொண்டே இருந்தால் பற்கள் தேயும். பொனற் பொத்தானைப் பலர் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்களாம். ஒருவர் எஞ்சினுக்குள் கையை வைத்து எண்ணெய் பார்க்கின்ற நேரத்தில், வீட்டுக்குள்ளிருக்கும் பிள்ளை ரிமோட்டை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், எவரும் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன்னர் ஒவ்வொன்றையும் செய்து காட்டும்படி கேட்டேன். அவரும் முகம் சுளிக்காமல் காட்டினார். பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு ரிமோட்டை அழுத்தினோம், எஞ்சின் அசையவில்லை. ஹான்ட் பிறேக்கை இறக்கினோம், அசையவில்லை. ஒரு கதவைத் திறந்து விட்டோம், மறுத்தது. பின்னர் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்து இயக்கி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது சாவி போடாமல் பிறேக்கை மிதித்தேன், உடனே நின்றது. கண்ணாடியை உடைத்து ஒருவர் உள்ளே ஏறினாலும் பிறேக்கை மிதிக்காமல் கியர் மாற்ற முடியாது, மிதித்தால் எஞ்சின் நின்றுவிடும். இதற்கு மேலாக, சாவி போட்டுத் திருப்பும் வரையில் ஸ்ரியரிங்கும் பூட்டியபடியே இருக்கும். இந்தச் சோதனைகளைச் செய்து காட்டத் தயங்குபவரிடம் காரை விட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

பாவிப்பதற்குப் பழகுவது கடினமல்ல, ஆனால் ஓர் ஒழுங்கு உண்டு. காரை நிறுத்தும்போதே கியரை ‘பி’யில், அதாவது பார்க்கிங் நிலையில் வைத்து, ஹான்ட் பிறேக்கை இழுத்து, ஏசியின் விசிறியையும் குளிரையும் வேண்டிய அளவில் திருப்பி வைத்துவிட்டுத்தான் சாவியை எடுக்க வேண்டும். என் காரில் இவையெல்லாம் திருகு குமிழ்கள் என்பதால் விட்ட இடத்திலேயே நிற்கின்றன. பொத்தான் வகையாக இருந்தால், மீண்டும் இயங்கும்போது ஏசி தானாக வருகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். லைற், வைப்பர், றேடியோ எல்லாம் நிறுத்தியிருக்க வேண்டும். வந்து ஏறும்போது ரிமோட்டால் கதவைத் திறந்து, அமர்ந்து, சாவியை ‘ஓன்’ நிலை வரை மட்டும் திருப்பி, அதன்பின்னரே பிறேக்கை மிதித்துக் கியரை மாற்ற வேண்டும். கைப்பழக்கத்தில் சாவியை முழுவதும் திருப்பினால், ஓடுகின்ற எஞ்சினுக்கு மேலும் ஸ்டார்ட்டர் போய் மோதும். காரை ஓட்டுகின்ற என் தம்பிக்கும் இதைப் பக்கத்தில் இருந்து செய்ய வைத்தே பழக்கினேன்.

தொழிற்சாலையிலிருந்தே வரும் வசதிகளில் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். டொயோட்டாவின் பல கார்களில் பூட்டும் பொத்தானை இருமுறை தட்டி, மூன்றாம் முறை சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவற்றுள் சில, கதவைத் திறந்ததுமே எஞ்சினை நிறுத்திவிடுவதால், ஏறியபின் மீண்டும் ஸ்டார்ட் செய்ய நேரும். ஹோண்டாவில் முதலில் பூட்டி, பின் இதற்கெனவுள்ள தனிப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் தானாக நிற்கும். பிறியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் ஏசியின் கொம்பிறசர் மின்சாரத்தில் இயங்குவதால், எஞ்சின் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய தேவையே இல்லை. அத்தகைய கார் வைத்திருப்பவர்கள் சாதாரண பெற்றோல் காருக்கான கிட்டை வாங்கிவிடக் கூடாது.

நான் ஓட்ட நேரத்தைப் பத்து நிமிடம் என்று வைத்திருக்கிறேன், ஆனால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விடுவதில்லை. நின்றபடி மெதுவாக ஓடும் எஞ்சினில் ஏசியின் வலு குறைவு. கார் ஓடத் தொடங்கிய பின்தான் முழுக் குளிர் வரும். ஆகவே காரைக் குளிர்சாதனப் பெட்டி போல ஆக்குவது என் நோக்கமல்ல. ஸ்ரியரிங்கையும் இருக்கைப் பட்டியின் கொளுக்கியையும் தொடக்கூடிய அளவுக்கு வந்தால் போதும். அம்மா முன்பெல்லாம் கதவைத் திறந்ததும் சேலைத் தலைப்பை மடித்து இருக்கையில் போட்டுவிட்டே அமர்வார். இப்போது நேரே அமர்கிறார், மூச்சு வாங்குவதும் குறைந்திருக்கிறது. எனக்கு இதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

எரிபொருள் வீண் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. போரினால் பெற்றோல் தடை இருந்த தொண்ணூறுகளில், சில துளி பெற்றோலால் எஞ்சினைப் பற்றவைத்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டை காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் வாங்கக் காத்து நின்றதும் நேற்றுப் போல இருக்கிறது. எனவே அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். என்னுடையதைப் போன்ற சிறிய எஞ்சின் ஏசியுடன் நின்றபடி ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு லீற்றருக்குச் சற்று முன்பின்னாக முடியும். ஐந்து நிமிடத்துக்கு அது நூறு மில்லிலீற்றரைக்கூட எட்டாது. நோயாளியோ முதியவரோ கைக்குழந்தையோ ஏறும்போது மட்டும் பாவிக்கிறேன். தனியாகப் போகின்ற நாள்களில் நான்கு கதவையும் ஒரு நிமிடம் திறந்து விட்டுச் சூட்டை வெளியேற்றிவிட்டுப் புறப்படுகிறேன். அது செலவில்லாத வழி, பயனும் நல்லது.

எல்லாவற்றையும் விட அழுத்திச் சொல்ல வேண்டியது புகையைப் பற்றி. எஞ்சின் வெளியிடும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் அது ஒட்டிக்கொள்கிறது. மூடிய கராஜில் எஞ்சின் ஓடியபடி விடப்பட்ட கார்களால் அமெரிக்காவில் உயிரிழப்புகள் ஏற்பட்டுள்ளன. எங்கள் பழைய வீடுகளில் காருக்கு இருப்பது பக்கங்கள் திறந்த கொட்டிலோ போட்டிக்கோவோ என்பதால் ஆபத்து குறைவு என்றாலும், இப்போது கட்டப்படும் வீடுகளில் ஷட்டர் போட்ட கராஜ்கள் வந்துவிட்டன. போட்டிக்கோவிலும் காரின் பின்புறம் படுக்கையறை ஜன்னலை நோக்கியிருந்தால் புகை நேரே உள்ளே போகும். எங்கள் வீட்டில் அம்மாவின் அறை ஜன்னல் போட்டிக்கோவுக்கு அருகில் இருப்பதால், காரை எப்போதும் பின்புறம் படலைப் பக்கம் இருக்குமாறு நிறுத்துகிறோம். கார் வீட்டில் நிற்கும்போது ரிமோட்டை எவரும் அழுத்துவதில்லை என்பதும் ஏற்பாடு. ரிமோட் இருப்பது அலுமாரியின் மேல்தட்டில், தம்பியின் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில்.

காரைக் கண்ணால் பார்க்காமல் நான் ஒருபோதும் இயக்குவதில்லை. கிட்டின் பெட்டியில் எழுதியிருக்கும் தூரம் வெட்டவெளிக்கானது. வைத்தியசாலையின் கொங்கிறீற் சுவர்களுக்குள் அது பெரிதும் குறைந்துவிடுகிறது. எட்டினாலும் அங்கிருந்து அழுத்த மாட்டேன். நண்பகலில் தெருநாய்கள் நிழலுக்காகக் கார்களின் கீழே படுத்துக் கிடக்கும், காருக்கு மிக நெருக்கமாக ஒருவர் மோட்டார்சைக்கிளை நிறுத்தியிருக்கலாம், பொனற்றில் சாய்ந்துகொண்டு யாரோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கலாம். அம்மாவை வாசலிலுள்ள வாங்கில் இருத்திவிட்டு, கார் தெரியும் இடம் வரை நடந்து வந்து பார்த்துவிட்டு அழுத்துகிறேன். லைற் மினுங்கி எஞ்சின் பிடித்ததும் திரும்பிப் போய் அவரைக் கைப்பிடித்து அழைத்து வர, அந்த நடைக்குள் கார் தயாராகிவிடும்.

பொருத்திய பின் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்தேன். வயரிங்கில் செய்த மாற்றத்தை மறைத்து வைத்தால், பின்னர் விபத்தோ தீயோ ஏற்படும்போது அதுவே தகராறாகலாம். கருவி எந்நேரமும் பற்றரியிலிருந்து சிறிதளவு மின்சாரம் எடுப்பதால், வாரக்கணக்கில் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர்கள் பற்றரி வயரைக் கழற்றிவிட்டுப் போவது நல்லது. சேர்விசுக்குக் காரைக் கொடுக்கும்போது கருவியை ‘வலே’ நிலைக்கு மாற்றி, ரிமோட் கட்டளையை முற்றாக முடக்கிவிட்டு, ரிமோட்டையும் என்னோடு கொண்டு வந்துவிடுகிறேன். எந்த வயர் எதனுடன் இணைக்கப்பட்டது என்பதை அந்த இளைஞர் தன் கையால் வரைந்து தந்த தாள், டாஷ்போர்ட் அறைக்குள் வாகனப் பத்திரங்களோடு இருக்கிறது; இனிமேல் இந்தக் காரில் கைவைக்கும் எந்த மின் வேலையாளுக்கும் அதை முதலில் காட்ட வேண்டும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.