நேரத்தைப் பங்கிட்டுத் தண்ணீர் பாய்ச்சும் ஊர்: ஓமான் பயணம்

மஸ்கட்டிலிருந்து நிஸ்வா செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் சென்றால், ஜபல் அக்தர் மலையடிவாரத்தில் பிர்கத் அல் மவுஸ் என்ற ஊர் வருகிறது. சுற்றிலும் மரம் செடி எதுவுமில்லாத பழுப்பு மலைகள். சரிவில் இடிந்த மண் வீடுகள். அவற்றுக்குக் கீழே அடர்ந்த பேரீச்சந்தோப்பும் வாழையும். ஆண்டுக்குச் சராசரியாக 100 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் நாட்டில் இந்தத் தோப்பு உயிரோடு நிற்பதற்குக் காரணம் ஃபலஜ் அல் கத்மீன் என்ற பழைய நீர்வழிதான். 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஓமானின் ஐந்து ஃபலஜ்களில் இதுவும் ஒன்று.

மலையடிவாரத்தில் நிலத்தடி நீர்மட்டத்தைத் தொடும்படி தாய்க்கிணறு ஒன்றைத் தோண்டி, அங்கிருந்து மிக மெல்லிய சரிவில் சுரங்கம் குடைந்து, இறைக்காமலே நீரை ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வெளிச்சத்துக்கு வந்த நீர் ஓரிடத்தில் மூன்று கிளைகளாகப் பிரிகிறது. அந்த இடத்தில் வெகுநேரம் நின்றேன். முழங்கால் அளவு ஆழம்கூட இல்லை. அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிந்த நீர்.

தோப்புக்குள் ஒரு வங்கதேசத் தொழிலாளி வாய்க்காலின் குறுக்கே இருந்த கல்லை எடுத்து, அதைச் சுற்றித் திணித்திருந்த பழந்துணியை உருவி, பக்கத்து மடையில் அடைத்தார். அதற்கு முன் கைப்பேசியில் மணி பார்த்துக்கொண்டார். அவருடைய முதலாளிக்கு உரியது இத்தனை லிட்டர் என்ற கணக்கு அல்ல; இத்தனை நேரம் என்ற கணக்கு. ஏறத்தாழ அரை மணி நேரம் ஓர் 'அதர்'. ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் 48 அதர். பகலில் நட்ட கோலின் நிழலையும் இரவில் விண்மீன்களின் உதயத்தையும் பார்த்து முறை மாற்றிய வழக்கம் சில ஊர்களில் அண்மைக்காலம் வரை நீடித்தது. இந்தப் பங்கு நிலத்தோடு ஒட்டியதும் அல்ல. தோப்பை விற்காமல் தண்ணீர்ப் பங்கை மட்டும் விற்கலாம், குத்தகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், பள்ளிவாசலுக்கு வக்ஃபாகக் கொடுக்கலாம். ஃபலஜுக்கென்றே சில பங்குகள் உண்டு. அவற்றை ஏலம் விட்டு வரும் பணத்தில் சுரங்கத்தைத் தூர் வாருகிறார்கள்.

நீரை அளவாகப் பிரித்திருந்தால் வறட்சியில் கடைசியில் நிற்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. நேரமாகப் பிரித்ததால், ஊற்று பாதியாகக் குறைந்தால் எல்லோருடைய பங்கும் பாதியாகிறது. யாரும் யாரிடமும் வழக்காட வேண்டியதில்லை. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் 1922இல் பங்கிட்டபோது மேல்படுகைக்கும் கீழ்படுகைக்கும் தலா 75 இலட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி) என்று அளவை எழுதிவிட்டார்கள். மழை மிகுந்த ஆண்டுகளின் ஓட்டத்தைப் பார்த்து எழுதிய அந்த அளவை ஆறு தர மறுப்பதால் இன்றுவரை சச்சரவு ஓயவில்லை. பாலைநிலத்துக்கு ஏற்ற சட்டம் ஓமானியக் குடியானவர்களுடையது என்றே நான் கருதுகிறேன். மிகக் கடுமையான வறட்சிக்கும் அவர்களிடம் ஏற்பாடு உண்டு: வாய்க்காலின் கடைக்கோடியில் கோதுமை, தீவனம் போன்ற பருவப் பயிர்களுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தரிசாக விட்டுவிட்டு, பல ஆண்டுகள் வளர்த்த பேரீச்சையைக் காப்பாற்றுகிறார்கள்.

பங்கே இல்லாதவருக்கும் குடிநீர் உண்டு. வாய்க்கால் ஊருக்குள் நுழையும் முதல் இடத்தில் எவரும் பணமின்றி நீர் எடுத்துக்கொள்ளலாம். குளிப்பதும் துவைப்பதும் அதற்குக் கீழேதான். ஆனால் பாசனத்துக்கு நிலைமை வேறு. பங்கு வாங்க வசதியில்லாத ஏழைக் குடியானவர் ஏலத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். வறட்சியில் அந்த ஏல விலை ஏறுவது அவருக்குப் பெரும் சுமை.

திரும்பும் வழியில் பாத்தினா கடற்கரைச் சமவெளிக்குப் போனேன். அங்கே ஃபலஜ் முறைக்குக் கட்டுப்படாத மோட்டார் கிணறுகள் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்திருக்கிறது. கடலோரத் தோப்புகள் சிலவற்றில் மட்டை காய்ந்த பேரீச்சைகள் வரிசையாக நின்றன. மண்ணின் மேல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தண்ணீர் தேசத்தின் சொத்து என 1988இல் அரசாணை வந்தது. கிணறு தோண்ட அனுமதி கட்டாயமானது. ஃபலஜின் தாய்க்கிணற்றைச் சுற்றி புதுக்கிணறு தோண்டத் தடையும் இருக்கிறது. வாதி எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகைகளில் வரும் வெள்ளத்தை நிறுத்தி நிலத்துக்குள் இறக்க, 1985இல் கட்டிய அல் கூத் அணை போன்றவையும் இருக்கின்றன. இவை எல்லாம் தேவைதான். எனினும் அனுமதிச் சீட்டு கிணற்றின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறதே தவிர, மழை பொய்த்த ஆண்டில் ஒவ்வொரு மோட்டாரும் எத்தனை மணி நேரம் ஓடலாம் என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் கூடி முடிவெடுக்கும் ஏற்பாட்டை நான் பேசிப் பார்த்த தோட்டங்கள் எதிலும் காணவில்லை.