தொடக்கத்திலேயே வரும் இரண்டு ஏஸ்

எங்கள் வீட்டில் கடதாசி விளையாட்டு என்றால் 304தான். திருகோணமலை உவர்மலை வீட்டு விறாந்தையில் பின்னேரம் பாய் விரித்து அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு மாமா குந்திவிடுவார்கள். ஆள் குறைந்தால் நாலாவது ஆள் நான். அந்த விளையாட்டில் ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11. கிங்குக்கு வெறும் 3, குயினுக்கு 2. பத்து வயதிலிருந்து ஜாக்கைக் கண்டால் நெஞ்சு துள்ளிப் பழகியவள் நான். போக்கரிலோ ஏஸ், கிங், குயினுக்குக் கீழேதான் ஜாக். போனில் போக்கர் போட்டி விளையாடத் தொடங்கிய பிறகு, அந்தத் துள்ளலை அடக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

நான் விளையாடுபவை காசு கட்டாத இலவசப் போட்டிகள். ஆளுக்கு இரண்டு கடதாசி கையில், எல்லாருக்கும் பொதுவாக ஐந்து மேசையில்; இந்த ஏழில் சிறந்த ஐந்தை வைத்துத்தான் வெற்றி. கணித டியூஷன் பிள்ளைகள் போன பிறகு இரவு எட்டரைக்கு உட்காருவேன். ஆளுக்கு 1,500 சிப்ஸ் (பந்தய வில்லைகள்), பிளைண்ட் 10-20. கடதாசி பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைப்பதுதான் பிளைண்ட்; 20 பெரிய பிளைண்ட். கையில் 75 பெரிய பிளைண்ட் இருக்கிறது, அவசரமே இல்லை. ஆனால் காசு கட்டாததால் பாதிப் பேர் எதை வைத்தும் உள்ளே வருவார்கள். நல்ல கையை எப்படி விளையாடுவது என்பதே இங்கே இதனால் மாறிவிடுகிறது.

ஒரு நாள் நாலாவது கையிலேயே எனக்கு இரண்டு ஏஸ் வந்தது. சராசரியாக 221 கைக்கு ஒரு தடவை வருவது. எனக்கு முன்னால் மூன்று பேர் 20 போட்டு உள்ளே வந்திருந்தார்கள். இவர்களை விரட்டிவிடக் கூடாதே என்று 40க்கு மட்டும் ஏற்றினேன். ஒருவரும் போகவில்லை. பிளைண்ட் போட்ட இரண்டு பேரும் சேர்ந்து ஐந்து பேர் கோல் செய்தார்கள், அதாவது அதே 40ஐ வைத்தார்கள். ஃப்ளொப்பில், அதாவது மேசையில் முதலில் திறக்கும் மூன்று கடதாசியில், 9, 8, 6 விழுந்தது. ஏஸை விட மனம் வரவில்லை. முழு 1,500ஐயும் உள்ளே தள்ளினேன். பத்தும் ஏழும் வைத்திருந்தவர் 6 முதல் 10 வரை நேர்வரிசையோடு அள்ளிக்கொண்டு போனார்.

அன்று இரவு நித்திரை வரவில்லை, கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு ஏஸ் எந்தக் கையென்று தெரியாத ஒருவரோடு மட்டும் மோதினால், கடைசிக் கடதாசி வரை போகும்போது 100க்கு ஏறக்குறைய 85 தடவை வெல்லும். இரண்டு பேர் என்றால் 73. நாலு பேர் என்றால் 56. ஐந்து பேர் வந்தால் 49. அதாவது நான் ஆசையாகக் கூப்பிட்டு உட்கார வைத்த ஐந்து பேரோடு, உலகத்திலேயே நல்ல கையை வைத்திருந்தும் தோற்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்! எட்டுப் பேரும் வந்தால் 35தான். பிள்ளைகளுக்கு நிகழ்தகவு படிப்பிக்கும் எனக்கு இது கை சுட்ட பிறகுதான் உறைத்தது.

இப்போது என் கணக்கு எளிமையானது. முதலில் மூன்று பெரிய பிளைண்ட், எனக்கு முன்னால் உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் இன்னொன்று. மூன்று பேர் வந்திருந்தால் 120. இலவசப் போட்டியில் அதற்கும் பயப்பட மாட்டார்கள், ஆகவே 140, 160 என்று கூட்டுவேன். ஒருவர், மிஞ்சினால் இருவர் மட்டும் பார்க்க வேண்டும். யாராவது எனக்கு முன்பே ஓல்-இன் போனால், அதாவது கையிலுள்ள சிப்ஸ் முழுதையும் வைத்தால், ஏஸ் சோடிக்கும் கிங் சோடிக்கும் யோசனையே வேண்டாம், கோல்தான். கிங் கையில் இருக்கும்போது ஒன்பது பேர் மேசையில் வேறொருவரிடம் ஏஸ் சோடி இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 4 சதவீதம். அதற்குப் பயந்து கிங்கைக் கீழே போட முடியாது.

ஃப்ளொப் விழுந்த பிறகு வேறு கதை. போன கிழமை கிங் சோடியை 140க்கு ஏற்றினேன், ஒருவர்தான் வந்தார். ஏஸ், 7, 2 விழுந்தது. 150 வைத்தேன். அவர் 600 ஆக்கினார். விரல் கோல் பட்டன் மேலேயே நின்றது. கிங் சோடி வைத்திருப்பவருக்கு ஏறத்தாழ 23 சதவீதம் ஃப்ளொப்பில் ஏஸ் விழும், இது எனக்கு மட்டும் நடந்த அநியாயம் இல்லை. கையைக் கீழே போட்டுவிட்டேன். மிஞ்சியது 1,210 சிப்ஸ், இன்னும் 60 பெரிய பிளைண்ட். அந்த நேரத்தில் 60 பிளைண்ட் என்பது நிறையச் சொத்து. முதல் கட்டத்தில் சிப்ஸை இரண்டு மடங்காக்கினாலும் போட்டி முடிந்துவிடாது. முழுதையும் விட்டால் முடிந்துவிடும்.

ஏஸ்-கிங்கும் அப்படித்தான். அழகாக இருக்கும், ஆனால் மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் ஃப்ளொப்பில் சோடி கிடைக்கும். ஏற்றுவேன், ஒன்றும் விழாமல் யாராவது மேலே வந்தால் விட்டுவிடுவேன். சின்னச் சோடிகளை மலிவாகக் கிடைத்தால் மட்டும் பார்ப்பேன்.

எனக்குக் கஷ்டம் ஜாக் சோடிதான். பழைய பாசம். ஃப்ளொப்பில் குயினோ கிங்கோ ஏஸோ விழ 57 சதவீதம், பாதிக்கு மேல். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓல்-இன் போய்விட்டால், ஜாக் சோடியை நான் முதல் கட்டத்தில் தொடுவதில்லை. இப்போதும் கீழே போடும்போது ஏதோ 304இல் துரும்பையே எறிவது போல இருக்கும்.

நேற்று இரவு தம்பி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஆறாவது கையில் இரண்டு ஏஸ். முன்னால் மூன்று பேர். 160க்கு ஏற்றினேன். அதிசயமாக எல்லாரும் கையைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

“என்னக்கா, ஏஸ் வந்து வீணாப் போச்சே! கொஞ்சமாப் போட்டிருந்தா எல்லாரும் வந்திருப்பாங்கள்.”

“அதுக்குத்தான் கூடப் போட்டனான்.”

மேசையில் கிடந்த 90 சிப்ஸ் என் பக்கம் வந்தது. 1,500இல் 90 என்றால் 6 சதவீதம், ஒரு கடதாசியும் திறக்காமல். அவனுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. கொப்பியை எடுத்து அந்த 49ஐக் காட்டினேன். அவன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கை வந்துவிட்டது. ஏழும் இரண்டும். போட்டுவிட்டேன்.