தடைக்காலத்துக்குக் கேட்ட புத்தகம் கார்த்திகையில் வந்தது

போன வாரம் பார்சல் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் பதினோரு மாதம் அலைந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. சின்னப் பதிப்பகங்களில் முன்பதிவுக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பாம்பன். விசைப்படகில் டிரைவர். எட்டாவது படிக்கும் மகனும் நானும் அட்டையில் மாதிரிகள் வெட்டி ஒட்டுவோம், ஐந்து வருடப் பழக்கம். 1914-ல் திறந்த எங்கள் ஊர் பழைய ரயில் தூக்குப்பாலத்தை வெட்டி ஒட்டும் 24 தாள்களோடு ஒரு புத்தகம் வரப்போகிறது என்று 2024 டிசம்பரில் அறிவிப்பு பார்த்ததும் விடுவேனா? அந்தப் பாலம் திறக்கும் வரை படகை நிறுத்திக் காத்திருந்து, வடகடலிலிருந்து தென்கடலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆட்கள் நின்று கம்பியைச் சுற்றச் சுற்ற, இரண்டு பக்கமும் மெல்ல மேலே எழும்பும். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுபோனது. மகனுக்கு அது எப்படி வேலை செய்தது என்று காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது.

விலை 1800, முன்பதிவுக்கு 1400. ஜனவரி முதல் வாரத்தில் ஜிபே பண்ணினேன். மார்ச் கடைசிக்குள் அனுப்பிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அந்தத் தேதிதான் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருடத்தில் எனக்கு நாள் முழுக்கக் கை சும்மா இருப்பது அப்போதுதான், மகனுக்கும் பள்ளி லீவு. இதை அவர்களிடம் சொல்லித்தான் பணம் கட்டினேன். "கண்டிப்பா வந்துரும்ணே" என்றார்கள்.

மார்ச்சில் கேட்டால் அச்சில் இருக்கிறது. ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாலம் திறந்தார்கள் இல்லையா, உடனே "புதுப் பாலத்தையும் நாலு பக்கம் சேர்க்கிறோம், கொஞ்சம் பொறுங்க" என்று செய்தி வந்தது. சரி, நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். மே மாதம் பைண்டிங். ஜூனில் பைண்டிங் பண்ணுகிறவருக்கு உடம்பு சரியில்லை. தடைக்காலம் முடிந்து நான் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். மகன் பள்ளிக்கூடம் போய்விட்டான். மேஜையில் விரித்து வைத்த பச்சை வெட்டுப்பாயை அவனே சுருட்டிப் பரணில் வைத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வலித்தது.

ஜூலையில் நடந்ததைத்தான் என்னால் மறக்கவே முடியவில்லை. "ராமநாதபுரத்தில் ஒரு ஸ்டேஷனரி கடையில் உங்கள் பிரதியைக் கொடுத்து வைத்திருக்கிறோம், போய் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை, ஒரு நாள் மீன்பாடு போச்சு. பஸ் பிடித்துப் போய் நின்றால், கடைக்காரர் முழிக்கிறார். "தம்பி, அப்படி எதுவும் இங்க வரலையே. அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதே." அங்கேயே நின்று போன் போட்டேன். எடுக்கவில்லை. சாயங்காலம் ஒரு வரி வந்தது: "சாரிணே, அடுத்த வாரம்தான் அங்க அனுப்புவோம்." கடை எண்ணை முன்னாலேயே வாங்கி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

ஆகஸ்ட்டில் ஒருநாள் போனில் சத்தம் போட்டேன். அப்போதுதான் உண்மை வந்தது. நாங்கள் கட்டிய பணத்தில் முந்தைய புத்தகத்தின் அச்சகப் பாக்கியை அடைத்துவிட்டார்கள். இந்தப் புத்தகத்துக்குப் பேப்பரே வாங்கவில்லை. முன்பணம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாதா? வியாபாரியிடம் வாங்கி டீசலும் ஐஸும் போட்டுக் கடலுக்குப் போய், மீனாகக் கொடுத்துக் கழிப்பதுதான் எங்கள் தொழிலே. பாடு சரியில்லை என்றால் கரைக்கு வந்ததும் வியாபாரி முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவோம். பணம் இல்லை என்று மார்ச்சிலேயே சொல்லியிருந்தால் நான் பொறுத்திருப்பேன். பைண்டிங்காரரை நோயாளியாக்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்கப்புறம் பேச்சைக் குறைத்து எழுத்தில் இறங்கினேன். செப்டம்பரில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் தந்தார்கள். அவர்களால் கட்டாயப்படுத்த முடியாது, புகாரை அந்தப் பக்கம் அனுப்பி வைப்பார்கள், அவ்வளவுதான். அடுத்து ஒரு கடிதம். பணம் கட்டிய தேதி, யுபிஐ பரிவர்த்தனை எண், அவர்கள் கொடுத்த ஒவ்வொரு தேதி, எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, "15 நாளில் புத்தகம் அல்லது 1400 ரூபாய், இல்லையென்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்" என்று முடித்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். தபால் ஆபீசில் பதிவுத் தபால் கேட்டேன். அது இப்போது தனியாக இல்லை, ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள் என்று சொல்லி அதிலேயே அனுப்பினார்கள்.

கடிதம் சேர்ந்த மறுநாளே போன் வந்தது! எட்டு மாதம் வராத போன். தீபாவளி முடிந்ததும் அச்சிட்ட தாளைப் படம் பிடித்து அனுப்பினார்கள். நவம்பரில் பார்சல் போட்டாயிற்று என்றார்கள். ரசீதின் படம் மங்கலாக இருந்ததால் ட்ராக்கிங் எண்ணைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னேன், கூடவே முகவரி ஒட்டிய பக்கத்தின் படத்தையும். பார்த்தால் பின்கோடு 623501! அது ராமநாதபுரம். பாம்பனுக்கு 623521. எங்கள் தபால்காரரிடம் எண்ணைக் கொடுத்து வைத்தேன். பார்சல் ராமநாதபுரம் போய்த் திரும்பி, நாலு நாள் கழித்து அவர்தான் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். முன்பதிவு செய்யும்போது ஊர்ப் பெயரும் பின்கோடும் அவர்கள் பட்டியலில் சரியாக ஏறியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். மாவட்டப் பெயரும் நகரப் பெயரும் ஒன்றாக இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது அவசியம்.

பார்சலை வாங்கியதும் தாள்களை எண்ணுங்கள். எங்களுக்கு 23 தான் இருந்தது. 17-ம் தாள் இல்லை. தூக்கு சுலபமாக மேலே எழும்ப மறுபக்கம் கனம் கொடுக்கும் எதிர்ப்பாரப் பெட்டி அதில்தான். இந்தத் தடவை ஒரு மணி நேரத்தில் ஸ்கேன் அனுப்பிவிட்டார்கள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ராமேஸ்வரத்தில் ஜெராக்ஸ் கடையில் கெட்டி அட்டையில் எடுத்தேன்.

கார்த்திகை ஈரத்தில் தாள் எல்லாம் சுருண்டு நிற்கிறது. பலகைக்கு அடியில் வைத்து மேலே படகு பேட்டரியை ஏற்றி இரண்டு நாள் அழுத்தினோம். பசையைக் குச்சியால் தொட்டு மெல்லிசாக இழுக்க வேண்டும், அதிகமானால் அட்டை ஊறிவிடும். எதிர்ப்பாரப் பெட்டிக்குள் நாணயம் போடச் சொல்லிப் புத்தகத்தில் இருக்கிறது. மகன் வலையில் கட்டும் ஈயக்குண்டுகளில் நாலை எடுத்துப் போட்டான். நூலை இழுத்ததும் மண்டபம் பக்கத் தூக்கு மேலே போய் அப்படியே நின்றது. பாம்பன் பக்கம் இன்னும் ஒட்டவில்லை.

அதே பதிப்பகம் அடுத்த புத்தகத்துக்கு முன்பதிவு அறிவித்திருக்கிறது. அச்சாகி உங்கள் கையில் இருக்கிற அன்றைக்குச் சொல்லுங்கள், முழு விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.